சுருக்கம் என்றால் சுருக்கம் என்று அட்டையில் போடுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக இலக்கியங்களைத் தமிழில் வெளியிடும் பதிப்பாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் 'தி கால் ஆஃப் தி வைல்ட்' (காட்டின் அழைப்பு) நாவல் தமிழில் எத்தனை விதமாக வந்திருக்கிறது, எது எந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தகக் கண்காட்சியில் என் அண்ணன் மகளுக்கு இந்த நாவலை வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் 'முழுமையான தமிழாக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூலத்தில் ஏழு அத்தியாயங்கள், இதில் ஆறுதான். ஆயிரம் பவுண்டு மாவு மூட்டை ஏற்றிய பனிச்சறுக்கு வண்டியை பக் என்ற நாய் இழுத்துக் காட்டுகிறது, அதன் எஜமானன் ஜான் தார்ன்டன் பந்தயத்தில் 1,600 டாலர் ஜெயிக்கிறான், அத்துடன் புத்தகம் முடிந்துவிடுகிறது. காட்டுக்குள் ஓர் ஓநாயின் பின்னே பக் ஓடுவது, நாள்கணக்கில் ஒரு மூஸ் மானைத் துரத்தி வீழ்த்துவது, திரும்பி வரும்போது தார்ன்டன் கொல்லப்பட்டுக் கிடப்பது, கடைசியில் ஓநாய்க் கூட்டத்தோடு போய்ச் சேர்வது, எதுவும் இல்லை. "சித்தப்பா, காடு கூப்பிடுதுன்னு பேரு வச்சிருக்காங்க, எப்பதான் கூப்பிடும்?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

இருக்கிற ஆறு அத்தியாயங்களாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. டேவ் என்ற நாயின் கதை மொத்தமாகக் காணவில்லை. படித்தவர்களுக்கு அது மறக்காது. தபால் வண்டி இழுக்கும் கூட்டத்தில், வண்டிக்கு நேர் முன்னால் கட்டப்படும் நாய் அது. ஏதோ நோய் உள்ளே தின்கிறது. என்ன நோய் என்று வண்டிக்காரர்களுக்கும் தெரியவில்லை. இரக்கப்பட்டு அதை அவிழ்த்துவிட்டு, அதன் இடத்தில் சோலெக்ஸ் என்ற நாயைக் கட்டுகிறார்கள். டேவுக்கு அது பொறுக்கவில்லை. புதைபனியில் விழுந்து எழுந்து வண்டியின் கூடவே ஓடுகிறது. வண்டி நின்றதும் சோலெக்ஸின் வார்களைக் கடித்து அறுத்துவிட்டு, தன் பழைய இடத்தில் போய் நின்று கண்ணாலேயே கெஞ்சுகிறது. எப்படியும் சாகப்போகிற நாய், வேலை செய்துகொண்டே சாகட்டும் என்று மறுபடி பூட்டுகிறார்கள். மறுநாள் காலை அதனால் நிற்க முடியவில்லை. முன்கால்களை நீட்டி, உடம்பை இழுத்து இழுத்து, மற்ற நாய்களுக்குச் சேணம் பூட்டும் இடத்தை நோக்கி நகர்கிறது. வண்டி கிளம்பி ஆற்றோர மரங்களைத் தாண்டியதும் நிற்கிறது. ஒருவன் மட்டும் திரும்பிப் போகிறான். ஒரு துப்பாக்கிச் சத்தம். அவன் வேகமாக வருகிறான், சாட்டைகள் சொடுக்குகின்றன, மணிகள் ஒலிக்கின்றன, வண்டி போகிறது. என்ன நடந்தது என்று எல்லா நாய்களுக்கும் தெரியும்.

உங்கள் பதிப்பில் இதற்குப் பதிலாக ஒரே வரி: 'வழியில் ஒரு நாய் இறந்துபோனது.' கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

மூலமே ஆங்கிலத்தில் ஏறக்குறைய 32,000 சொற்கள்தான். தலையணைப் புத்தகம் இல்லை. காகித விலை, அச்சுக் கூலி எல்லாம் எனக்கும் தெரியும். சுருக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சுருக்கம் என்றால் சுருக்கம் என்று அட்டையில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சிறுவர்களுக்கு இவ்வளவு கொடூரம் தாங்காது என்பீர்கள். அந்தக் கவலை ஜாக் லண்டனுக்கும் இருந்தது. 'டு பில்ட் எ ஃபயர்' கதையை 1902-ல் ஒரு சிறுவர் பத்திரிகைக்கு எழுதியபோது, கடுங்குளிரில் மாட்டிக்கொண்டவன் பிழைத்துவிடுகிறான். 1908-ல் பெரியவர்களுக்காகப் புதிதாக எழுதியபோது மரத்துப் பனி சரிந்து அவன் மூட்டிய தீ அணைகிறது, அவன் உறைந்து சாகிறான். இரண்டையும் அவரே எழுதினார், தன் பெயரைப் போட்டே எழுதினார். உங்கள் புத்தகத்தில் வெட்டியவர் யார்? மொழிபெயர்த்தவர் பெயரே எந்தப் பக்கத்திலும் இல்லையே! பெ. தூரன் இதே நாவலைக் 'கானகத்தின் குரல்' என்று தமிழுக்குத் தந்தபோது தன் பெயரோடுதான் தந்தார்.

இந்த வெட்டுகளால் ஜாக் லண்டனே தமிழில் நாய்க்கதை எழுதியவராகச் சுருங்கிப்போனார். சிறுவயதிலேயே ஓக்லண்ட் டப்பா உணவு ஆலையில் உழைத்தவர், ஊர் சுற்றியதற்காக 1894-ல் முப்பது நாள் சிறையில் கிடந்தவர், 1897-ல் தங்கம் தேடி கனடாவின் கிளாண்டைக் பகுதிக்குப் போய், சத்துக்குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு திரும்பியவர், 'தி அயர்ன் ஹீல்', 'மார்ட்டின் ஈடன்' நாவல்களை எழுதியவர். வெள்ளை இனமே உயர்ந்தது என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. ஆசியர்களைப் பற்றியும் பழங்குடிகளைப் பற்றியும் அவர் எழுதிய பல வரிகள் நம்மைக் காயப்படுத்தும். அதையும் மறைக்க வேண்டாம். முழுதாகப் போட்டு, முன்னுரையில் அதைப் பற்றி எழுதுங்கள். படிக்கிறவர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

அவர் 1916-ல் இறந்தார். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். வாசகரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். பள்ளி நூலகங்களுக்கும் இந்தப் பிரதிகள்தான் போகின்றன. ஒரு பிள்ளை இதைப் படித்துவிட்டு, ஜாக் லண்டனை முழுதாகப் படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளும். அதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இந்தப் புத்தகங்கள் வருவதே உங்களால்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. தயவுசெய்து சுருக்கம் என்றால் சுருக்கம் என்று அட்டையில் போடுங்கள். மொழிபெயர்த்தவர் பெயரையும் எந்த மூலத்திலிருந்து செய்தது என்பதையும் உள்பக்கத்தில் கொடுங்கள். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கும் பிரதிகளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். அடுத்த கண்காட்சிக்கு நீங்கள் அச்சிடும் விலைப்பட்டியலிலேயே இதைச் செய்யத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்