பெட்டி வந்துவிட்டதா?

மிலான்,
10 ஜூலை 2025

அன்புள்ள ஆபரேட்டருக்கு,

கொட்டகையில் படம் ஓட்டிய உன் அப்பாவின் தொழிலால் பள்ளிக்கூடத்தில் உனக்கு வாய்த்த பெயரை ஐம்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் விட மனம் வரவில்லை. பொறுத்துக்கொள். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்ததைப் படித்து நிம்மதியானேன். அந்தக் கடிதத்திலேயே, பழைய படமெல்லாம் கைப்பேசியில் கிடக்கும்போது இந்த வயதில் ஊர் விட்டு ஊர் போய் வரிசையில் நிற்பது என்ன பைத்தியம் என்றும் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன்.

மகன் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் பொலோன்யா வந்துவிடும். 1986-இல் தொடங்கிய 'இல் சினிமா ரித்ரொவாத்தோ' என்ற விழா இப்போதெல்லாம் ஜூன் கடைசியில் அங்கே நடக்கிறது. 'மீண்டும் கிடைத்த சினிமா' என்று பொருள். புதுப்படங்களுக்குப் பரிசு கொடுக்கும் விழா அல்ல இது. தொலைந்து கிடைத்தவை, சிதைந்து சீரானவை, யாரும் எடுத்துப் பார்க்காமல் பெட்டியில் உறங்கியவை ஆகியவற்றைத்தான் ஒன்பது நாள் காலையிலிருந்து நள்ளிரவு வரை ஓட்டுகிறார்கள். சரியாக நூறு ஆண்டுக்கு முன் வெளியான படங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 1925-ஆம் ஆண்டுப் படத்துக்கு இளைஞர்கள் முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்பதுபோல நிற்கிறார்கள். வெயில் கொளுத்தியது உண்மைதான். ஆனால் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு வளைவுத் தூண்களோடு கூரையிட்ட நடைபாதை உண்டு என்பதால் வரிசை முழுவதும் நிழலிலேயே நின்றது. நம் ஊர்க் கொட்டகைக்காரர் நமக்கு அந்த வசதியைச் செய்து தரவில்லை.

இனி உனக்கென்றே சொல்ல வேண்டியது. திரைப்பட ஆவணக் காப்பகத்தின் முற்றத்தில் ஓர் இரவு, மௌனப் படம் ஒன்றைக் கார்பன் விளக்கில் ஓட்டினார்கள். இயந்திரத்தை அறைக்குள் மறைக்காமல் பார்வையாளர்களுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் பின்னாலேயே அந்த இரண்டு கரிக்குச்சிகளின் நுனிக்கிடையே மின்பொறி பற்றிக்கொண்டதும், 'ஸ்ஸ்' என்ற அந்தச் சீறலைக் கேட்டதும், நான் திரையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடிவிடாமல் திருகிக்கொண்டே, நிறக் கண்ணாடி வழியாகத் தீயைப் பார்த்தபடி ஒருவர் நின்றார். மேலே புகை சுருண்டு போயிற்று. அவர் நிற்கும் விதத்தில் உன் அப்பா நின்றார் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனாலும் எழுதுகிறேன். நம் இருவரையும் கேபினுக்குள் விட்டு, "வெளிச்சத்தை நேரே பார்க்காதீங்கடா" என்று அவர் அதட்டிய குரல்கூடக் கேட்டது.

அந்த வெளிச்சம் நின்று ஒரே மாதிரி எரிவதில்லை. மூச்சு விடுவதுபோல லேசாகக் கூடிக் குறைகிறது. திரையிலிருந்த பெண்ணின் முகம் அதனால் உயிரோடு இருப்பதுபோல் தோன்றியது. பியானோ வாசித்தவர் படத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். மௌனப் படங்கள் அன்றும் மௌனமாக ஓடியவை அல்ல, கூடவே யாராவது வாசித்தார்கள் என்று படித்திருந்தேனே தவிர, அன்றுதான் அனுபவித்தேன். இது கைப்பேசியில் கிடைக்காது. படம் என்பது கதையும் நடிப்பும் மட்டுமென்றால் நீ சொல்வது சரி. பிரதி, விளக்கு, பெரிய திரை, பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும் முன்பின் தெரியாதவர் எல்லாம் சேர்ந்ததுதான் படம் என்பது என் கட்சி. 1948-இல் வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தையே எடுத்துக்கொள். ஜெமினி ஸ்டூடியோ வாசன் அத்தனை பெரிய முரசுகளைச் செய்து அத்தனை பேரை ஏற்றி ஆட வைத்தது, உள்ளங்கை அகலக் கண்ணாடியில் சட்டைப் பொத்தான்களாகத் தெரிவதற்கா?

அதே ஜெமினி ஸ்டூடியோவில் நடனக் கலைஞர் உதயசங்கர் எடுத்த 'கல்பனா'வும் அதே ஆண்டில் வந்தது. நம் பத்மினி அதில்தான் முதலில் தலைகாட்டினார். அந்தப் படத்தை 2012-இல் சீராக்கியது எங்கே தெரியுமா? இதே பொலோன்யாவில் உள்ள படச் சீரமைப்புக் கூடத்தில்தான். சென்னையில் பிறந்த படம் இத்தாலிக்கு வந்து அழுக்கு நீங்கி, பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையேறியது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நம்மிடம் ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. அரவிந்தனின் மலையாளப் படம் 'தம்பு' 2022-இல் மீண்டு வந்தபோது வேலையில் ஒரு பங்கு சென்னையில், பிரசாத் நிறுவனத்தில் நடந்தது. கை இருக்கிறது, கையில் கொடுக்கத்தான் படம் இல்லை. நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்' இல்லை. 1931-இல் வந்த நம் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. இவற்றைச் சீராக்க எந்த ஊருக்கும் அனுப்ப முடியாது.

கடைசிக்கு முந்தின வெள்ளிக்கிழமையைப் பற்றியும் எழுதாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். ஜூன் 27 அன்று, பொலோன்யாவின் மஜ்ஜோரே சதுக்கத்தில் 'ஷோலே' ஓடியது. நாம் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தது போலீஸ் வந்து தடுக்கும் முடிவை. தணிக்கைக்காக மாற்றியது அது. இங்கே காட்டியது, தாக்கூர் கப்பர் சிங்கைக் கொன்றே தீர்க்கும் பழைய முடிவு. கோடையில் இங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டுகிறது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் நாற்காலிகளிலும், இடமில்லாதவர்கள் தேவாலயப் படிக்கட்டிலும், அதுவும் நிறைந்தபின் தரையிலும் உட்கார்ந்தார்கள். டிக்கெட் கிடையாது. தேவாலயத்தின் முகப்பு கீழ்ப்பாதி பளிங்கும் மேல்பாதி வெறும் செங்கலுமாகப் பல நூற்றாண்டாக முடியாமலே நிற்கிறது. அதன் அருகில், நான் தரை டிக்கெட்காரனாகவே, துண்டை விரித்து உட்கார்ந்தேன். முன்னால் இருப்பவன் தலை மறைத்தபோது, மணலைக் குவித்து உயரமாக உட்காரக் கை தானாகத் தரையைத் துழாவிற்று. கல்தளம்! பக்கத்திலிருந்த இத்தாலியப் பாட்டி என்னை விநோதமாகப் பார்த்தார்.

இனி நான் கேட்க வந்தது. கொட்டகையைப் பிரித்த ஆண்டில் விநியோகஸ்தர் திரும்ப எடுக்க வராத படப்பெட்டி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதாக, அப்பா காரியத்தின்போது நீ சொன்னாய். என்ன படம் என்று நீயும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. சின்ன வயதில் பஸ் நிலையத்தில் நின்று "பெட்டி வந்துவிட்டதா" என்று தினமும் கேட்ட நாம், வீட்டிலேயே இருந்த பெட்டியை மறந்துவிட்டோம். ஓட்டுக்கு அடியில், அந்தச் சூட்டில், அது இத்தனை கோடையைக் கடந்திருக்கிறது. பழைய அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும். பிறகு சுருங்கும், நெளியும். ஒரு சுருளில் தொடங்கினால் பக்கத்துச் சுருளையும் கெடுத்துவிடும். ஆகவே ஆள் வைத்து இறக்கு. கண் ஆறும்வரை நீ ஏணியில் ஏறாதே. காற்றோட்டமான இடத்தில் வைத்துத் திற. சுருளைப் பிரித்து இழுக்காதே. ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கலாம், அப்படியானால் அடுப்பும் பீடியும் அந்தப் பக்கமே வரக் கூடாது. தெரிந்ததும் எழுது. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு நான் எழுதிக் கேட்கிறேன்.

செப்டம்பரில் ஊருக்கு வருகிறேன். அதற்கு முன், பெட்டியைத் திறந்ததும் என்ன வாடை வந்தது என்பதை மட்டுமாவது ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
உன் பழைய கேபின் தோழன்