ஊரின் பெயரைக் கேட்டிருந்தீர்கள்

அஸ்தானா,
27.11.2022

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே ஆறு உறையத் தொடங்கிவிட்டது. கட்டட வேலை இனி உள்ளறைகளில்தான்.

நூர்-சுல்தானில் இருந்த நான் அஸ்தானாவுக்கு மாறிவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன் அப்பா. கடந்த செப்டம்பரில் கசகஸ்தானின் தலைநகரான இந்த ஊரின் பெயரைத்தான் நூர்-சுல்தானிலிருந்து மீண்டும் அஸ்தானா என்று மாற்றினார்கள். வரலாறு கற்பித்த தங்களுக்கு இதை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

சோவியத் காலத்தின் கடைசியில், 1989இல் கசகஸ்தான் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற நூர்சுல்தான் நசர்பாயெவ், நாடு விடுதலை பெற்ற பிறகும் அதிபராகத் தொடர்ந்து, 2019 வரை பதவியில் இருந்தார். 1997இல் தலைநகரை அல்மாட்டியிலிருந்து இந்தப் புல்வெளிக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டை நினைவூட்டுவதற்காகவே பைதெரெக் கோபுரத்தின் பார்வை மாடத்தை 97 மீட்டர் உயரத்தில் அமைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு நான் ஏறிப் பார்த்தபோது, அங்கே பொன்னில் பதித்திருந்த அவருடைய உள்ளங்கைத் தடத்தில் தம் கையை வைத்து வேண்டிக்கொள்ள மக்கள் வரிசையில் நின்றார்கள். தலைநகர் நாளாகக் கொண்டாடப்படும் சூலை 6 அவருடைய பிறந்தநாளும்கூட.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. இவற்றுக்கு அடியில் சட்டம் இருந்தது. ஒருவர் இத்தனை முறைதான் அதிபராகலாம் என்ற வரம்பு முதல் அதிபருக்குப் பொருந்தாது என்று 2007இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2010இல் அவருக்கு 'எல்பாசி', அதாவது தேசத்தின் தலைவர் என்ற தகுதியும், வழக்குத் தொடர முடியாத பாதுகாப்பும் கிடைத்தன. 2015 தேர்தலில் 97 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்றார் என்று அறிவித்தார்கள். பதவி விலகிய பிறகும் பாதுகாப்பு அவையின் தலைமை அவரிடமே இருந்தது. அவர் விலகிய மறுநாளே, அதிபர் பொறுப்பேற்ற தொகாயெவ் தலைநகருக்கு அவர் பெயரைச் சூட்ட முன்மொழிய, நாடாளுமன்றம் அன்றே ஏற்றுக்கொண்டது. இங்கே குடியிருப்பவர்களை யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பிறப்புச் சான்றிதழில் த்செலினோகிராத், திருமணச் சான்றிதழில் அக்மோலா, மகனுடைய சான்றிதழில் அஸ்தானா, ஓய்வூதியத் தாளில் நூர்-சுல்தான். நான்கையும் மேசைமேல் பரப்பிக் காட்டியபோது அவர் குரலில் இருந்த களைப்பை என்னால் மறக்க முடியவில்லை.

சென்ற சனவரியில் இணையத்தைத் துண்டித்ததால் என்னோடு பேச முடியாமல் நீங்கள் தவித்த நாட்கள் நினைவிருக்கும். மேற்கே சனாவுசென் நகரில் வாகன எரிவாயுவின் விலை ஏறியதால் எழுந்த போராட்டம் நாடெங்கும் பரவி, 'ஷால், கெத்', அதாவது 'கிழவா, போய்விடு' என்ற முழக்கமாக மாறியது. தால்திகோர்கானில் நசர்பாயெவின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே 230க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரஷ்யா தலைமையிலான கூட்டணியின் படைகளும் வந்திறங்கின. அந்தக் கலவரத்தின் நடுவிலேயே பாதுகாப்பு அவையின் தலைமையைத் தொகாயெவ் தம்மிடம் எடுத்துக்கொண்டார். சூனில் நடந்த பொது வாக்கெடுப்பு, அரசியல் சட்டத்திலிருந்து எல்பாசி என்ற சொல்லையே நீக்கியது.

அன்று பெயர் சூட்ட முன்மொழிந்தவரும், இந்தச் செப்டம்பரில் அதை நீக்கிக் கையெழுத்திட்டவரும் ஒருவரே என்பதுதான் என்னை உறுத்துகிறது. போன வாரத் தேர்தலில் அவர் 81 விழுக்காடு பெற்று, நேற்றுப் பதவியேற்றார். இனி ஏழாண்டுகள் கொண்ட ஒரே ஒரு முறைதான் என்று சட்டம் சொல்கிறது. 2007இல் செய்ததுபோல அதையும் திருத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். தெருவில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு, சுட்டது யார் என்பதற்கு இன்னும் சரியான விடை கிடைக்கவில்லை.

விமான நிலையத்துக்கு இன்னும் பழையவரின் பெயரே இருக்கிறது. நான் ஊருக்கு வரும்போது என் பயணச்சீட்டில் அதைப் பார்ப்பீர்கள். கடித உறையில் இனி அஸ்தானா என்றே எழுதுங்கள். அம்மாவிடம் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்