பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

கண்ணு பாப்பா,

நீ அனுப்பிய, அமெரிக்க 'கன்ட்ரி' (கிராமிய இசை) பாடகர் கிறிஸ் ஸ்டேப்பிள்டனின் 'டென்னஸி விஸ்கி' பாட்டை அப்பா கேட்டாரா என்று அம்மாவிடம் இரண்டு தடவை விசாரித்தாயாம். கேட்டேன் என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

'டென்னஸி விஸ்கி'யில் பாதி வார்த்தை முதலில் பிடிபடவில்லை. ஆனால் 'விஸ்கி' என்கிற அந்தச் சின்னச் சொல்லை அவர் இழுத்து, வளைத்து, அவசரமில்லாமல் கீழே இறக்குகிறாரே, அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நம் கோயில் நாயனக்காரர் ஒரே சுரத்தை வைத்துக்கொண்டு உருட்டுவாரே, அந்த மாதிரி. தொண்டையில் மணல் அரைபடுகிறது, ஆனாலும் சுருதி நகரவில்லை. 1983-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் என்கிற பழைய கன்ட்ரி பாடகர் பாடிப் பேர் வாங்கிய பாட்டு அது. இவர் அதை ப்ளூஸ் என்கிற, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஏக்கப் பாட்டு நடைக்குக் கொண்டுபோய், நிதானமாக ஆடவிட்டிருக்கிறார்.

அப்புறம் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கப் பக்கம் வளர்ந்தவர். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவர். 2001-ல் கன்ட்ரி இசைக்குத் தலைநகர் மாதிரியான நாஷ்வில்லுக்கு வந்து, வருஷக்கணக்கில் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜோஷ் டர்னர், கென்னி செஸ்னி, லூக் பிரையன் என்று பலர் பாடி, பாட்டுகள் முதலிடத்துக்குப் போயின. கேட்ட ஜனங்களில் எத்தனை பேருக்கு எழுதியவரைத் தெரிந்திருக்கும்?

2013-ல் தனியாக ஒரு பாட்டு வெளியிட்டார், ஓடவில்லை. தயாராக இருந்த ஆல்பத்தையும் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அதே வருஷம் அவருடைய அப்பா காலமானார். மனைவி மோர்கேன் ஒரு பழைய ஜீப் வாங்கித் தர, இருவரும் அரிசோனாவிலிருந்து நாஷ்வில்வரை அதிலேயே வந்திருக்கிறார்கள். வழியில் எழுதியதுதான் 'ட்ராவலர்'. அப்பா போன பிறகு ஓட்டிய வண்டி. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன் பாப்பா.

அந்தப் பெயரிலேயே 2015 மே மாதம் ஆல்பம் வந்தபோது அவருக்கு 37 வயசு. நவம்பரில் சிஎம்ஏ என்கிற கன்ட்ரி இசை விருது மேடையில் பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு பாடினார், அன்றைக்கே மூன்று விருது. முந்தின வாரம் அமெரிக்காவின் முதல் 200 ஆல்பங்களின் பட்டியலிலேயே இல்லாத ஆல்பம் நேராக முதலிடத்தில் ஏறி உட்கார்ந்தது.

போன மாசம் நீ போட்ட மெட்டு விளம்பரத்தில் வந்தது, பேர் மட்டும் வரவில்லை என்று போனில் அழுதாய். அப்போது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இப்போதும், எல்லோருக்கும் அப்படி ஒரு நவம்பர் வரும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அத்தனை வருஷம் அடுத்தவர் தொண்டைக்கு அளவெடுத்து எழுதிய கைதான், ஒரு வரி எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கேட்டால் தெரிகிறது. உனக்கும் அது வந்துகொண்டிருக்கிறது, போன தீபாவளிக்கு நீ பாடியதிலேயே கவனித்தேன்.

மேடையில் மோர்கேன் அவர் முகத்தைப் பார்த்தபடியே கூடச் சேர்ந்து பாடுகிறார், பார்த்தாயா? அதை அம்மாவுக்கும் காட்டினேன்.

பொங்கலுக்கு வரும்போது கிதாரையும் எடுத்து வா. அந்த விளம்பர மெட்டை முழுசாக, உன் குரலில் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா