குகைக்குள் ஒரு காட்டெருமை

அன்புள்ள சேகர்,

குகை ஓவியத்தை நேரில் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். பிரான்ஸில் இருக்கும் லாஸ்கோவில் நான் பார்த்தது நகல்தான். 1940-ல் கண்டுபிடித்த அசல் குகையை 1963-லேயே பூட்டிவிட்டார்கள். பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்துவிட்டதாம். பல்லாயிரம் வருடம் தாங்கியது, 1948-ல் கூட்டத்துக்குத் திறந்துவிட்ட பிறகு பதினைந்து வருடம் தாங்கவில்லை. 2016-ல் திறந்த நகலில் ஐந்து மீட்டர் நீளக் காளை இருக்கிறது. அச்சு அசலான வேலை. ஆனாலும் மனசு ஒட்டவில்லை.

அதனால் லே-ஸெஸியில் உள்ள ஃபோன்-த-கோம் குகைக்குப் போனோம். அது அசல். சின்னச் சின்னக் குழுவாகத்தான் விடுகிறார்கள். ஒடுங்கி ஒடுங்கி நடந்தால், ஓரிடத்தில் வழிகாட்டிப் பெண் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். அதுவரை வெறும் புடைப்பாக இருந்த பாறை காட்டெருமையின் வயிறாகிவிட்டது! வரைந்தவன் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கோடு இழுத்திருக்கிறான். 'முதலில் தாளைப் பாருங்கடா' என்று ஓவிய வகுப்பில் பசங்களிடம் கத்துவாயே, அதுதான் ஞாபகம் வந்தது.

தங்கியிருப்பது சார்லா பக்கத்துக் கிராமம். வாசலில் வால்நட் மரங்கள். சார்லாவில் தட்டைக் கற்களையே ஓடு மாதிரி அடுக்கிய கூரைகள். அந்தப் பாரத்தை எப்படித்தான் தாங்குகிறதோ. சனிக்கிழமைச் சந்தையில் எங்கு திரும்பினாலும் வாத்துதான். சைவமான என் வீட்டுக்காரி ஆட்டுப்பால் சீஸையும் ரொட்டியையும் வைத்தே வாரத்தை ஓட்டுகிறாள்.

படகில் போனால் தோர்தோஞ் ஆற்றின் ஒரு கரையில் பெய்னாக் கோட்டை, எதிர்க்கரையில் காஸ்தெல்நோ. நூறாண்டுப் போரில் பெய்னாக் பிரெஞ்சு அரசன் பக்கம், காஸ்தெல்நோ ஆங்கிலேயர் பக்கம். எதிரி வீட்டு அடுப்புப் புகை தெரிகிற தூரம்தான்.

தோம் ஊரை மட்டும் விட்டுவிட முடியாது. மலை உச்சியில் 1281-ல் எழுப்பிய கோட்டை ஊர். வாயில் கோபுரத்தில் டெம்ப்ளர் வீரர்களை (சிலுவைப்போர்க் காலத்துத் துறவிப் படையினர்) 1307-க்குப் பிறகு அடைத்து வைத்திருந்தார்களாம். சுவரெல்லாம் சிலுவையும் மனித உருவங்களும் கீறல் கீறலாக. ஓவியமென்று பார்த்தால் உன் ஆறாம் வகுப்புப் பையன்கூட நன்றாகப் போடுவான். ஆனால் லாஸ்கோ காளையைவிட இங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

குகைக்குள் படம் எடுக்கக் கூடாது. அதனால் அன்று ராத்திரி காட்டெருமையை ஞாபகத்திலிருந்து வரைந்தேன். கழுதை மாதிரி வந்திருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன், திருத்தி அனுப்பு.

உன்,
ரவி