ஆளுக்கொரு சீட்டு: எல்லைப் பேச்சு நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

போன மாதம் என் அப்பா கொடுத்திருந்த விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: "பிறந்த இடம் பெகு, பர்மா எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. பிறப்புச் சான்று இணைக்கவும்." அப்பாவுக்கு எழுபது வயது. ஒன்பது வயதில் கப்பலில் வந்து மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியவர். எந்த அலுவலகம் என்று எழுதி யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. அந்த மேசையில் இருந்த தம்பி என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, ரூல்ல இருக்கு, நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் சொன்னது சரி, அவரால் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் நாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசுகிற தங்களுக்கு எழுதுகிறேன்.

1964-இல் பர்மாவில் நடந்தது தங்களுக்குத் தெரியும். 1962 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1964-இல் கடைகளை எடுத்துக்கொண்டது, அந்த மே மாதம் 17-ஆம் தேதி ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. இதெல்லாம் தங்கள் கோப்புகளில் என்னைவிட விரிவாகவே இருக்கும். கோப்பில் இருக்காது என்று நான் நினைக்கும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் தாத்தா சின்ன வயதில் பர்மாவில் இருந்த செட்டியார் வட்டிக்கடை ஒன்றுக்குச் சமையல் ஆளாகப் போனவர். பிறகு பெகுவில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை போட்டார். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே ஊர் வந்து சேர்ந்து, சண்டை ஓய்ந்ததும் மறுபடி போனார். அந்தக் கடைக்குத்தான் 1964-இல் 'மக்கள் கடை' என்று நம்பர் போட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். அரிசி மூட்டையை எண்ணினார்கள், எண்ணிய கணக்கை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

இரங்கூன் துறைமுகத்துச் சோதனைக் கொட்டகையில் அப்பத்தாவின் காதில் ஒற்றைக்கல் தோடு இருந்தது. அவருடைய அம்மா போட்டு அனுப்பியது. கழற்றச் சொன்னார்கள். வலது காதுத் தோடு வந்துவிட்டது. இடது காதில் திருகு இறுகிக் கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதைக் கழற்றியதே இல்லை. தாத்தா திருகினார், கை நடுங்கியது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு முஸ்லிம் அம்மா தலைக்கு வைத்திருந்த எண்ணெய்க் குப்பியை நீட்டினார். எண்ணெய் தடவி, இழுத்து, கடைசியில் தோடு வந்தபோது கூடவே ரத்தமும் வந்தது. மங்குத் தட்டு ஒன்றில் யார் யாருடைய நகையோ குவிந்து கிடந்தது. இதையும் அதில் போட்டார்கள். தாத்தா பர்மாப் பேச்சில், "வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். கொடுப்பதற்குத் தாள் இல்லை என்று பதில் வந்தது.

அப்பா இதை ஒன்பது வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவர். அப்பத்தா சாகும்வரை காதில் துளசிக் குச்சிதான். அப்பா சம்பாதித்துத் தோடு வாங்கிக் கொடுத்தார். அதை என் அக்காவுக்குப் போட்டுவிட்டு, தான் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். ஒருநாள் நான் கேட்டதற்குச் சொன்னார்: "நகைக்காக இல்லத்தா. என்கிட்ட வாங்குனான்ல? வாங்குனேன்னு ஒரு வார்த்தை எழுதித் தரலையே."

ஐயா, அம்மா, நான் கேட்க வந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். ஒரு மண்ணிலிருந்து ஓர் அரசு விலகும்போது, ஓர் எல்லை நகரும்போது, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அங்கே இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இவர் இன்னார், இங்கே பிறந்தார், இன்ன வீட்டில் இருந்தார், இன்னின்னதை விட்டுவிட்டுப் போகிறார் என்று அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில், இரண்டு தரப்பு முத்திரையோடு ஒரு தாள்.

இதைப் பெரிய காரியமாக நான் நினைக்காததற்குக் காரணம் நான் வளர்ந்த ஊர். திரும்பி வந்தபின் அப்பத்தா கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் அடுப்படி வேலை பார்த்தார். லீவு நாளில் நானும் போவேன். அந்த வீட்டுத் தூண் ஒவ்வொன்றும் பர்மாத் தேக்கு. ஆச்சியிடம் ஒரு நோட்டு இருக்கும். விசேஷத்துக்கு ஓர் அண்டா பங்காளி வீட்டுக்குப் போனால்கூட அதில் தேதி ஏறும், திரும்பி வந்தால் அடித்துவிடுவார். கரண்டியில்கூடப் பேர் வெட்டியிருக்கும். கல்யாணம் என்றால் இசைகுடிமானம் என்கிற ஒப்பந்த ஓலை எழுதாமல் நகரத்தாருக்கு, அதாவது செட்டியார்களுக்கு, முடியாது. ஒருமுறை ஆச்சி மகனிடம் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி, தேக்கு வந்த காலத்துக் கப்பல் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். நூலில் கோத்து வைத்திருந்தார்கள். அப்பத்தா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மரம் வந்ததற்குச் சீட்டு இருந்தது.

அந்த வீட்டுக்காரர்களும் இழந்தவர்கள்தான். 1929-30-இல் விசாரித்த வங்கிக் குழு பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. நெல் விலை சரிந்த பிறகு கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் கால்வாசி நிலம் அவர்கள் பேருக்கு வந்திருந்தது. கடனுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் கூலிக்கு உழுத பர்மாக்காரனின் வயிற்றெரிச்சலும் எனக்குப் புரிகிறது. 1948-இல் இந்த நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டதில் பர்மாக்காரர் பக்கத்து நியாயம் உண்டு. ஆகவே நிலம் கொடு, கடை கொடு என்று நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

பேசுவதற்கு நேரமே கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்தது. 1947 அக்டோபர் 17 அன்று லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியும் பர்மாத் தலைவர் ஊ நுவும் விடுதலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1948 ஜனவரி 4 அன்று வெள்ளைக்காரன் விலகினான். பிரிவினையால் அரசுக்கு அரசு வரவேண்டியிருந்த கடனைக்கூட 1954-இல் பேசி முடித்தார்கள். இத்தனை மேசைகளில் இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். பெகுவில் கடை வைத்திருந்த என் தாத்தாவின் கைக்கு, விட்டுவந்ததற்கென்று ஒரு துண்டுத் தாள் வந்து சேரவில்லை.

மனது வைத்தால் முடியும் என்பதற்குப் புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடு என்று ஆளுக்கு ஒரு வாய்ப்பு அதில் இருந்தது. ஓய்வூதியம் யார் கொடுப்பது என்பதையும் பேசி வைத்தார்கள். இன்றைக்கும் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் வீடுகள் அங்கே உண்டு. எழுதி வைத்ததால்தானே அது வருகிறது?

வங்கதேச எல்லையில் 2015-இல் தாங்களே இதைவிட நன்றாகச் செய்தீர்கள். இங்கே 51, அங்கே 111 என்று சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை மாற்றிக்கொள்வதற்கு முன்னால், 2011-இல் இரு நாட்டு ஆட்களும் சேர்ந்து வீடு வீடாகத் தலையெண்ணினார்கள். ஐம்பத்தோராயிரம் பேருக்கு மேல். எந்த நாடு வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். அந்தச் செய்தியை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நம்மளையும் இப்படிக் கேட்டிருக்கலாம்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து வந்த சுமார் ஆயிரம் பேர் மேற்கு வங்கத்துக் கூச்பெகாரில் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள் என்பதையும் படித்தேன். அங்கே விட்டுவந்த நிலத்தை விற்க முடியாமல் தவித்தார்கள் என்பதையும் படித்தேன். ஆளை எண்ணியதுபோல அவர்கள் விட்டுவரும் வயலையும் எண்ணி, அதற்கும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

தொண்டிக் கடல் எங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான். அங்கே போய்க் கச்சத்தீவு என்று சொல்லிப் பாருங்கள். 1974 ஒப்பந்தத்தில் நம் மீனவர்களும் யாத்திரை போகிறவர்களும் முன்புபோலவே போய்வரலாம், அதற்கு விசா வேண்டியதில்லை என்று எழுதினீர்கள். 1976-இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். அதைக் காட்டித்தான் அந்தப் பக்கம் மீன்பிடிக்கக் கூடாது என்கிறார்கள். எந்த மீனவரைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்? 1964 அக்டோபர் 30 அன்று இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தில் இருந்த ஒருத்தி, தன் பிள்ளையை எந்த நாட்டுப் பள்ளியில் சேர்ப்பது என்று யாரிடம் போய்க் கேட்டிருப்பாள்? எங்கள் அப்பத்தா கப்பலேறிய அதே வருஷம் அது. தெற்கே இருக்கிறவர்கள் விஷயம் என்றால் டெல்லி மேசைக்குத் தலை எண்ணிக்கை போதும், பேர் தேவைப்படாது என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. இந்த எண்ணம் எங்கள் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. இது தவறு என்றால் அதை எங்களுக்குக் காட்ட வேண்டியவர்கள் தாங்கள்தான்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். மன்னிக்க வேண்டும். தங்களில் பலர் அந்தக் காலத்தில் பிறந்தே இருக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

2024 அக்டோபரில் லடாக்கில் தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் படைகள் விலகுவது பற்றிச் சீனாவோடு உடன்பாடு வந்தபோது, ரோந்தோடு மேய்ச்சலும் மறுபடி நடக்கும் என்று அறிவித்தீர்கள். ஆடு மேய்ப்பவர்களை நினைத்தீர்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது, உண்மையாகவே சொல்கிறேன். எந்தச் சரிவுவரை மந்தையை ஓட்டிப் போகலாம் என்று எழுதிய தாள் அந்த மேய்ப்பரின் கையில் இருக்கட்டும். நாளைக்குப் புதிதாக வரும் காவலர் தடுத்தால், அவர் எடுத்துக் காட்ட அது வேண்டும்.

எங்களைப் போன்ற தாயகம் திரும்பியோருக்கும் அதே கோரிக்கைதான், சற்றுக் காலம் கடந்த கோரிக்கை. காரைக்குடி பர்மா காலனி மாதிரி இடங்களில் அப்பா வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூதரகம் கொடுத்த ஒற்றைத் தாளைச் சிலர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைச் செல் அரித்துவிட்டது. தாத்தா பேரில் பாதியும், ஊதா முத்திரையில் ஒரு வளைவும்தான் மிச்சம். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் அப்பா விண்ணப்பத்தோடு கொண்டுபோனார். தெளிவாக இல்லை என்று அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வந்த கப்பல்களில் யார் யாரை ஏற்றினீர்கள், எந்தத் துறைமுகத்தில் யாரை இறக்கினீர்கள் என்பது அரசுக்குத் தெரிந்த கணக்கு. அரசின் கையில் இருக்க வேண்டிய பட்டியலை எழுபது வயது மனிதரிடம் கேட்பது எந்த முறையில் சேர்த்தி? அந்தப் பட்டியல்களைத் தேடி எடுத்து, உரியவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டாக நகல் கொடுங்கள். பிறந்த இடத்துக்கு அதையே சான்றாக ஏற்க வேண்டும் என்று எல்லா அலுவலகங்களுக்கும் ஓர் ஆணை அனுப்புங்கள். அந்த மேசைத் தம்பிக்கும் அதுதான் வேண்டும்.

அப்பாவின் விண்ணப்ப எண்ணை இங்கே எழுதவில்லை. யாராவது கேட்டால் அன்றைக்கே அனுப்புகிறேன். வீட்டுக்கு ஆள் அனுப்பினாலும் சரி, காலை பத்து மணிக்குள் வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அப்பா கோயிலுக்குப் போய்விடுவார். தாத்தா பெயர், ஏறிய துறைமுகம், இறங்கிய நாள், கூட வந்தவர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெகு வீட்டின் நான்கெல்லையைக்கூடச் சொல்வார். எழுதிக்கொள்ள ஒரு தாளும், வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், போதும்.

தங்கள் உண்மையுள்ள,
தாயகம் திரும்பியவர் ஒருவரின் மகள்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.