அதிமதுரப் பொடியும் உன் கணுக்காலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி பிறந்த சந்தோஷத்துக்கு இங்கே பாயசம் வைத்தோம். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதுதான் உறுத்துகிறது. அல்சருக்கு அதிமதுரப் பொடியை மூன்று மாதமாகத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாய், எரிச்சல் அடங்கிவிட்டது, சாயங்காலமானால் கால்தான் வீங்குகிறது, வயசாகிவிட்டது என்று.

வயசு இல்லைடா.

பொடி கேட்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்லூரி லேபில் எலிக்குக் கொடுத்துப் பார்த்தவன்தானே நான். இண்டோமெதசின் என்ற வலி மருந்தைக் கொடுத்துப் புண் உண்டாக்குவோம். பிறகு இரைப்பையை வெட்டி விரித்து, தக்கைப் பலகையில் குண்டூசி குத்தி, லென்ஸ் வைத்துச் செங்கோடுகளை எண்ணுவோம். அதிமதுரம் குடித்த எலிக்குக் கோடு குறைவு. எங்களுக்குத் தலைகால் புரியாது. அந்த எலிக்கு பிரஷர் ஏறியதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒரே நாளில் முடிகிற சோதனையில் அது தெரியவும் தெரியாது.

நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற டாக்டர் பார்த்தார். உள்ளூர் மருந்துக்கடைக்காரர் கொடுத்த அதிமதுரக் கலவையில் வயிற்றுப்புண் ஆறுவதைக் கவனித்து, தன் நோயாளிகளுக்கும் கொடுத்து 1946-இல் எழுதினார். புண் ஆறியது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கச் செய்யும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். 1960-களில் பிரிட்டனில் அதிலிருந்தே கார்பினாக்சலோன் என்று மருந்து செய்தார்கள். அதற்கும் இதே கதைதான். நீயோ பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை போடுகிறவன். அதுவும் பொட்டாசியத்தைத் தள்ளும் ரகமாக இருந்தால்?

இன்னொன்று. வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் கிருமி, இல்லையென்றால் வலி மாத்திரை. அந்தக் கிருமியை ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் வாங்கினார். அந்தக் கிருமி உனக்கு இருக்கிறதா என்று பரிசோதனை செய்தார்களா? முழங்கால் வலிக்கு நீ தினம் மாத்திரை விழுங்குகிறாயே, அது நாங்கள் எலிக்குப் புண் வரக் கொடுத்த மருந்துக்குப் பங்காளிதான்.

பொடியை இன்றோடு நிறுத்து. நாளைக்கே டாக்டரிடம் போ. டப்பாவையும் கையோடு எடுத்துப் போ, வழக்கம்போல் மறைக்காதே. பொட்டாசியம் பார்க்கச் சொல். தங்கச்சியிடம் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்துத் தரச் சொல். புண்ணை ஆற்றுமா என்று என்னைக் கேட்காதே, சோற்றுக்கு நன்றாயிருக்கும்.

அன்புடன்,
கோபால்