லேப்டாப்புல தெரியாத புரோகிராம் ஓடுதா?

வணக்கம் பேரன்ட்ஸ். ‘எஸ்விசிஹோஸ்ட்’னு (svchost.exe) ஒன்னு இருபது முப்பது தடவ ஓடுது, வைரஸான்னு மூணு பேரு போட்டோ அனுப்பியிருந்தீங்க, பயப்படாதீங்க, அது விண்டோஸோட சொந்த ஆளுதான், நெறைய ஓடுறது வழமை. ஆனா அதே பேருல கள்ளனும் வருவான், அதனால:

1. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமத்துங்க, ஓடுற புரோகிராமெல்லாம் காட்டுற டாஸ்க் மெனேஜர் வரும்.
2. அதுல ‘டீடெய்ல்ஸ்’ங்கிற பக்கத்துல அந்த பேர ரைட் கிளிக் பண்ணி ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ குடுங்க. சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32க்குள்ள இருந்தா சரி. டவுன்லோட்ஸ்ல கெடந்தா சந்தேகம்தான், எனக்கு அனுப்புங்க.
3. பேருல ‘எஸ்விசி’க்கு பதிலா ‘எஸ்சிவி’ன்னு எழுத்து மாறியிருக்கான்னும் பாருங்க.
4. கண்டபடி எண்ட் டாஸ்க் (புரோகிராம நிறுத்துற பட்டன்) அமத்தாதீங்க. எங்க வீட்டு பெரியவன் அமத்தி ஒன்லைன் கிளாஸ் நடுவுல நெட்டே போயிருச்சு.

ஞாயிறு காலை 10 மணிக்கு ஹட்டன் டியூஷன் ஹோல்ல இருப்பேன், மழைன்னாலும். சார்ஜரோட வாங்க. வர்றவங்க சனி ராத்திரிக்குள்ள பேரு போடுங்க, சும்மா கட்டவெரல் மட்டும் போட்டா கணக்கில்ல.